மருந்து எத்தனை நாள் நிற்கும்? மாந்தோப்பிலும் தக்காளித் தோட்டத்திலும் மெதுவாகக் கசியும் பூச்சிக்கொல்லிகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரங்களில் மாங்காய் முற்றத் தொடங்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் தோப்புக்குள் நடந்தால், எட்டிப் பறிக்கும் உயரத்தில் கிளைகளில் சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள் தொங்குவதைக் காணலாம். ஒன்றைக் கழற்றித் திறந்தால் அடியில் காய்ந்த ஈக்கள் கைப்பிடி அளவுக்குக் கிடக்கும். நடுவில் கம்பியில் கட்டிய, இரண்டு விரல் அகலமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று தொங்கும். அதிலிருந்து கிராம்பை நினைவூட்டும் மணம் லேசாக வரும். எத்தனால் ஆறு பங்கு, மெத்தில் யூஜினால் நான்கு பங்கு, மாலத்தியான் ஒரு பங்கு என்ற விகிதத்தில் கலந்த திரவத்தில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து எடுத்த பலகை அது. ஆண் பழ ஈக்கள் மெத்தில் யூஜினாலின் வாசனைக்கு வந்து பலகையை நக்குகின்றன, பூச்சிக்கொல்லியான மாலத்தியானில் சாகின்றன.

இதில் மருந்தைவிட முக்கியமான பொருள் அந்தப் பலகைதான். அதே திரவத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வைத்திருந்தால் வெயிலில் வெகு விரைவில் தீர்ந்துபோயிருக்கும். மரத்தின் நார்களுக்குள் புகுந்த திரவம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாக வேண்டுமானால் நுண்ணிய வழிகள் ஊடாக ஊர்ந்து வர வேண்டும். அந்தத் தாமதம்தான் வாரக்கணக்கில் வேலை செய்கிறது. பூச்சி மருந்தைக் கட்டுப்படுத்தி மெதுவாக வெளியிடும் தொழில்நுட்பம் என்று ஆய்வகங்களில் பேசப்படுவதன் அடிப்படை முழுவதும் அந்தப் பலகைத் துண்டுக்குள் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மருந்துக் கடைகளில் விவசாயிகள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, ‘இது எத்தனை நாளைக்கு நிக்கும்ணா?’ என்பதுதான். ‘நிற்பது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. நீண்ட நாள் நிற்கும் மருந்து நல்ல மருந்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சில பயிர்களுக்கு மிகச் சரி. சிலவற்றுக்கு நேர்மாறாகத் தவறு. எந்தப் பயிருக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன், சாதாரணமாகத் தெளிக்கும் மருந்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இலையில் விழுந்த மருந்து வெயிலில் சிதைகிறது, காற்றில் ஆவியாகிறது, மழையிலும் பனியிலும் கழுவப்படுகிறது, இலைக்குள்ளும் உடைகிறது. இவை எல்லாம் சேர்ந்து, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இருப்பதில் பாதியை அழித்துக்கொண்டே போகும். ஒரு மருந்து மூன்று நாளில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். புழுவைக் கொல்லத் தேவையான குறைந்தபட்ச அளவு 1 பங்கு என்றால், 15-ஆம் நாளிலும் அந்த 1 பங்கு மிஞ்சியிருக்க, முதல் நாளில் 32 பங்கு போட்டிருக்க வேண்டும். 30 நாள் நிற்க வேண்டுமானால் 1,024 பங்கு வேண்டும். நாட்களை இரட்டிப்பாக்கினால் மருந்து இரட்டிப்பாவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. இதற்கு மாறாக, தினமும் அழியும் அளவை மட்டும் தினமும் ஈடுகட்டும்படி மருந்து ஒரு சேமிப்பிலிருந்து சீராகக் கசிந்தால், 15 நாளுக்கு மொத்தம் ஏறத்தாழ நாலரைப் பங்கும், 30 நாளுக்கு எட்டுப் பங்கும் போதும். நடைமுறையில் எந்தச் சேமிப்பும் இவ்வளவு ஒழுங்காகக் கசிவதில்லை என்பதால் இதைத் தோராயக் கணக்காகத்தான் கொள்ள வேண்டும்; ஆனாலும் 32-க்கும் நாலரைக்கும் உள்ள இடைவெளிதான் இந்தத் துறையின் மீது இத்தனை பேருக்கு ஆசை வரக் காரணம்.

இந்த யோசனை நம் பக்கத்து விவசாயத்துக்குப் புதியதும் இல்லை. பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவதைத் தடுக்க, உச்சியில் உள்ள மூன்று இளம் மட்டைகளின் இடுக்குகளில் மட்டைக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டைகளை வைத்து மணலால் மூடுவது பழைய பரிந்துரை. 45 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்துருண்டை திடநிலையிலிருந்து நேரடியாக ஆவியாகும் பொருள். மேலே மணல் இல்லையென்றால் மரத்தின் உச்சியில் அடிக்கும் காற்றில் வேகமாகக் கரைந்துவிடும். மணல் அந்த ஆவியைச் சிறுகச் சிறுக விடுகிறது. அந்துருண்டைக்குப் பதிலாக வேப்பங்கொட்டைத் தூளை இரு மடங்கு மணலோடு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் இடுவதும் இதே கணக்கில்தான். உரத்தில் பார்த்தால், 2015-லிருந்து நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. தழைச்சத்து மண்ணில் உருமாறும் வேகத்தை அது குறைக்கிறது. வேப்பம்பூச்சு யூரியாவைப் புரிந்துகொண்ட ஒருவருக்கு உறையிட்ட பூச்சிக்கொல்லியை விளக்க அதிக நேரம் பிடிக்காது.

தொழிற்சாலையில் செய்யப்படும் உறைகளுக்கு வருவோம். மருந்து பாட்டிலின் பெயரோடு சேர்ந்து வரும் இரண்டு எழுத்துகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஈ.சி. என்றால் கரைப்பான் எண்ணெயில் கரைத்து, தண்ணீரில் பால்போலக் கலக்கும் மருந்து. சி.எஸ். என்றால் நுண்ணுறைகளில் அடைத்து நீரில் மிதக்கவிட்ட மருந்து. நம் சந்தையில் லாம்ப்டா சைஹலோத்ரின் 4.9 சி.எஸ். அப்படிப்பட்டது, நிலக்கடலைக்காரர்களுக்கும் பருத்திக்காரர்களுக்கும் பழகிய பெண்டிமெத்தலின் 38.7 சி.எஸ். களைக்கொல்லியும் அதே வகை. இதைச் செய்யும் முறை எளிய வேதியியல்தான். மருந்தோடு ஐசோசயனேட் வகைச் சேர்மத்தைக் கலந்து, அந்த எண்ணெயைத் தண்ணீரில் வேகமாகக் கலக்கி நுண்துளிகளாக உடைக்கிறார்கள். பிறகு தண்ணீரில் அமீன் வகைச் சேர்மத்தைச் சேர்த்தால், எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் மட்டும் இரண்டும் வினைபுரிந்து ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பாலியூரியாத் தோல் படிகிறது. பாலைக் காய்ச்சினால் மேலே ஆடை படிவதைப்போல என்று சொல்லலாம், ஒவ்வொரு துளிக்கும் தனித்தனி ஆடை என்பது மட்டும் வேறுபாடு. சில உறைகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அகலமே உள்ளவை. சில அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு பெரியவை. துளியின் அளவு, தோலின் தடிமன், அதன் பின்னல் நெருக்கம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றித்தான் மருந்து வெளியேறும் வேகத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தள்ளிவைக்க வேண்டும். சி.எஸ். என்று போட்டிருப்பதெல்லாம் மெதுவாக வெளியேறும் மருந்து என்று எண்ணக் கூடாது. இலையில் விழுந்து நீர் காய்ந்த சிறிது நேரத்திலேயே மருந்தை விட்டுவிடும்படி மெல்லிய தோலோடு செய்யப்படும் உறைகளும் உண்டு. அவற்றின் நோக்கம் மருந்தை நிறுத்திவைப்பதைவிட, தெளிப்பவரின் தோலில் மருந்து நேராகப் படுவதைக் குறைப்பதாகவே இருக்கும். லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் கை, முகத்தில் பட்டால் ஏற்படும் குத்தும் எரிச்சலை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்னொரு வகை, புழுவின் வயிற்றை நம்பிச் செய்யப்படுவது. இலை தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் காரத்தன்மை மிக்கது. காரத்தில் மட்டும் உடையும் பிணைப்புகளைத் தோலில் வைத்துவிட்டால், இலையின் மேல் அமைதியாகக் கிடக்கும் உறை புழு விழுங்கியதும் திறந்துகொள்ளும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் குணம் மூன்றாக இருக்கக்கூடும் என்பதால், பயிரின் பெயரும், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையிலான காத்திருப்புக் காலமும் அச்சிட்ட லேபிளே நம்பத்தக்கது.

இப்போது தக்காளிக்குப் போவோம். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளை நம்பிப் பயிரிடும் ஒரு விவசாயி, காய்ப்பு தொடங்கிய பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழம் பறிக்கிறார். காய்ப்புழுவும், 2014-ல் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவாகிப் பிறகு தென்மாவட்டங்கள் எங்கும் பரவிய தக்காளி ஊசிப்புழுவும் அவரை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. மருந்து நீண்ட நாள் நின்றால் நல்லது என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் பழத்தின் தோலில் பதினைந்து நாள் கசியும் மருந்தும், மூன்றாம் நாள் பெட்டியில் ஏறும் பழமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. விரைவில் சிதையும் மருந்தில் மூன்றாம் நாள் எஞ்சுவது பாதி என்றால், உறைக்குள் பத்திரமாக இருக்கும் மருந்தில் பெரும்பகுதி அப்படியே பழத்தோடு சந்தைக்குப் போகும். மெதுவான கசிவின் சிறப்பு எதுவோ அதுவே இங்கே குற்றமாகிறது. ஆகவே தக்காளியில் மெதுவாகக் கசிய வேண்டியது பழத்துக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து: பெண் பூச்சியின் வாசனையால் ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் ரப்பர் குப்பிக்குள் அது இருக்கலாம், நாற்றாங்காலில் குழித்தட்டின் தென்னைநார்க் கழிவுக்குள் இருக்கலாம், விதையின் மேற்பூச்சில் இருக்கலாம். காய்ப்பு தொடங்கிவிட்ட செடியின் மேல் தெளிப்பதென்றால் சீக்கிரம் அழியும் மருந்தே மேல்.

கத்தரிக்கும் ஏறத்தாழ இதே நியாயம்தான். மாமரத்துக்கு மட்டும் கணக்கு வேறு. பழ ஈயின் பெண் முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு சதைக்குள் வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் புகுந்து கூண்டுப்புழுவாகிறது. முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூண்டுப்புழு மண்ணுக்குள் என்று இருக்கும்போது, வெளியே தெளிக்கும் மருந்துக்கு அகப்படுவது பறக்கும் ஈ மட்டும்தான். அந்த ஈயும் தோப்புக்குத் தோப்பு போய்வரும். காய் முற்றும் நேரத்தில் தெளித்தால் எச்சம் கூழ்த் தொழிற்சாலை வாசலில் பிடிபடும் அபாயமும் உண்டு. கிருஷ்ணகிரியின் பெங்களூரா ரக மாங்காயில் பெரும்பங்கு கூழாகித்தான் வெளிநாடு போகிறது. ஆகவே பழத்தைத் தொடாமல், காற்றில் வாசனையை மட்டும் மெதுவாக விடும் பொறி இந்தப் பூச்சிக்கு இவ்வளவு பொருந்துகிறது. காய் முற்றத் தொடங்குவதிலிருந்து கடைசி அறுவடை வரை பல வாரம் வாசனை நிற்க வேண்டும். நின்றாலும் பழத்துக்கு ஒரு கேடும் இல்லை.

இந்த வாசனையின் வரலாற்றைச் சற்று சொல்லத் தோன்றுகிறது. பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெய் பழ ஈக்களை இழுப்பதை 1912-ல் எழுதினார். 1915-ல் அதற்குக் காரணமான பொருள்களுள் மெத்தில் யூஜினாலை அடையாளம் காட்டினார். துளசியிலும் இதே பொருள் இருப்பதால், துளசி இலையைக் கசக்கிச் சாறோடு பொறியில் வைப்பதும் நம் நாட்டில் நடப்பதுதான். அதன் குறை, வாசனை விரைவில் போய்விடுகிறது என்பது மட்டும்தான். பிறகு 1960-களில் பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில், மெத்தில் யூஜினாலும் நஞ்சும் ஊறிய சிறு நார்ப்பலகைச் சதுரங்களை விமானத்திலிருந்து தூவி, அந்தத் தீவில் இருந்த பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஆண்கள் தீர்ந்ததால் பெண்களுக்கு இணை கிடைக்கவில்லை.

ரோட்டா ஒரு தீவு என்பதை மறந்துவிடக் கூடாது. காவேரிப்பட்டணத்துத் தோப்புக்குக் கடல் எல்லை இல்லை. அடுத்த தோப்பிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும். ஓர் ஆண் ஈ பல பெண்களோடு இணையக்கூடியது என்பதால், பாதி ஆண்களைப் பிடிப்பதால் முட்டை பாதியாகக் குறைவதில்லை. கூடவே நம் பக்கத்தில் பல தோப்புகள் பூ நிலையிலோ பிஞ்சு நிலையிலோ குத்தகைக்குப் போய்விடுகின்றன. ஒரு பருவக் குத்தகைதாரருக்கு அடுத்த ஆண்டு ஈக்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இல்லை. உரிமையாளருக்கோ இந்த ஆண்டுக் காய் தன்னுடையதில்லை. விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்கும் வேலை இந்த இடைவெளியில்தான் விடுபட்டுப்போகிறது. அது நடக்காத தோப்பில் எவ்வளவு நேர்த்தியான பொறியும் ஈயை எண்ணிக் காட்டும் கருவியாகத்தான் மிஞ்சுகிறது.

மெதுவான கசிவு வேறு உயிர்களுக்கு என்ன செய்யும் என்பதில் கடந்த காலம் இரண்டு கசப்பான பாடங்களைத் தந்திருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் மெத்தில் பாராத்தியானை நுண்ணுறையில் அடைத்து விற்றார்கள். கடும் நஞ்சான அந்த மருந்து தெளிப்பவருக்கு முன்னைவிடப் பாதுகாப்பாக ஆனது உண்மை. ஆனால் உறைகளின் அளவு மகரந்தத் துகளின் அளவாக அமைந்துவிட்டது. தேனீக்கள் அவற்றை மகரந்தத்தோடு சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேமித்தன. வயலில் சாகாத தேனீ கூட்டில் குஞ்சுகளோடு செத்தது. இரண்டாவது, கார்போபியூரான் குருணை. விதைபோலத் தோன்றிய அந்தக் குருணைகளைப் பொறுக்கிய பறவைகள் ஏராளமாக மடிந்ததால், 1990-களில் அந்நாட்டில் குருணை வடிவத்தைப் பெருமளவு விலக்கினார்கள். குருணை என்றாலே நம் விவசாயிகளுக்கு நினைவுக்கு வரும் இரண்டில், போரேட் 2020 இறுதியோடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கார்போபியூரானில் 3 சதவீத உறையிட்ட குருணை நீங்கலான மற்ற வடிவங்களை 2023-ல் விலக்கினார்கள். மா பூக்கும் மார்கழி முதல் மாசி வரை தத்துப்பூச்சிக்குத் தெளிக்கும்போது பூவைத் தேடி வரும் ஈக்களும் தேனீக்களும் தோப்பில்தான் இருக்கின்றன என்பதால், நுண்ணுறை மருந்தைப் பூவில் தெளிப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு வந்தால் தயக்கம் இன்னும் கூடும். 2020-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, தருமபுரி மாவட்டத்தையும் சேலம், நாமக்கல்லையும் கடுமையாகப் பாதித்தது. அதற்கு விடையாக வந்தது அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி. 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் கொண்டுவந்து, பெருக்கி, வயல்களில் விடச் செய்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளரும் குளவி அது. குளவி விட்ட வயலில் வாரக்கணக்கில் கசியும் மருந்தைத் தெளித்தால், மாவுப்பூச்சி தன் மெழுகுப் போர்வைக்குள் ஓரளவு தப்பிக்க, தேடி அலையும் குளவி இலைக்கு இலை மருந்தை மிதித்துச் சாகும்.

எதிர்ப்புத்திறன் என்ற சிக்கலும் இதே வகையில் வருகிறது. எந்த உறையும் ஒரே நாளில் காலியாகி நின்றுவிடுவதில்லை. கடைசி நாட்களில் கசிவு கொல்லும் அளவுக்குக் கீழே இறங்கி, வால்போல நீண்டுகொண்டே போகும். அந்த நாட்களில் பலவீனமான புழு சாகிறது, தாங்கும் புழு பிழைத்துப் பெருகுகிறது. சாதாரணத் தெளிப்பிலும் இப்படியொரு காலம் உண்டு, ஆனால் அது குறுகியது. மெதுவான கசிவில் வால் நீளம் என்பதால், அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுவது இங்கே கூடுதல் அவசியமாகிறது.

நம் ஊர் வெயில் இந்தக் கணக்குகளை எல்லாம் மேலும் குழப்பும். தோலின் ஊடாக மருந்து கசிவதும் மேற்பரப்பிலிருந்து ஆவியாவதும் வெப்பம் ஏற ஏற வேகமெடுப்பவை. குளிர்ந்த ஊரில் அளந்த நாட்கணக்கு, பங்குனி, சித்திரையில் தருமபுரி வெயிலில் தொங்கும் பொறிக்குப் பொருந்தாது. ஓசூர்ப் பக்கத்தின் மிதமான வெப்பத்துக்கும் அரூரின் வெக்கைக்கும் இடையிலேயே வித்தியாசம் தெரியும். தகரக் கூரைக் கடையிலும் மோட்டார் ரூமிலும் வெயில் படும்படி வைத்த பாட்டிலுக்கும் இது பொருந்தும். ஒரே டேங்கில் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து அடிக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. ஈ.சி. மருந்தில் உள்ள கரைப்பான் எண்ணெய், பக்கத்தில் மிதக்கும் நுண்ணுறையின் தோலைத் தளர்த்தி மருந்தை முன்னதாகவே இழுத்துவிடக்கூடும். அப்படி ஆனபின் உறைக்காகக் கொடுத்த கூடுதல் விலைக்குப் பொருள் இல்லை.

உறை செய்யும் பொருளே இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. பாலியூரியாத் தோல் மண்ணில் எளிதில் மட்காத நுண்பிளாஸ்டிக்காக எஞ்சும். வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்கை 2023-ல் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளுக்கு 2031 அக்டோபர் வரை அவகாசம் தந்திருக்கிறது. அதற்குள் மாவுச்சத்து, கடற்பாசி ஆல்ஜினேட், மரத்தின் லிக்னின், களிமண் போன்ற மட்கும் பொருள்களுக்கோ கேடில்லாத பொருள்களுக்கோ மாறியாக வேண்டும். இவற்றில் பல, வெயிலில் எளிதில் சிதையும் வேம்பின் அசாடிராக்டினையும் நுண்ணுயிர் மருந்துகளையும் காப்பதற்கு ஏற்கெனவே ஆய்வில் இருப்பவை. நுண்ணுயிர் மருந்துக்கு வெயில் எவ்வளவு பெரிய எதிரி என்பது, காய்ப்புழுவைக் கொல்லும் வைரஸ் கரைசலில் வெல்லத்தையும் துணிக்கு நீலம் போடும் பொடியையும் கலந்து மாலையில் தெளித்த பழைய விவசாயிகளுக்குத் தெரிந்த செய்திதான்.

இதில் நம் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு பெங்களூருவிலிருந்து வந்தது. மெத்தில் யூஜினாலை நுண்ணிழைக் கூழாக உறையவைத்து, அதன் ஆவியாதலைக் குறைத்து, கொய்யாத் தோப்பில் பழ ஈக்குச் சோதித்த வேலையை அங்குள்ள விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் கசியவிடும் மெல்லிய குழாய்களைச் செடியில் கட்டி ஆணைத் திசைதிருப்பும் முறையும் இதே குடும்பம். இரண்டிலும் பயிரின் மேல் மருந்து படுவதே இல்லை.

பலகைத் துண்டுக்குத் திரும்பினால், அதற்கு இருக்கும் பெரிய குறை, தீர்ந்துபோனதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான். அடியில் கிடக்கும் பழைய ஈக்களைப் பார்த்துப் பொறி வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கையில், மேலே உள்ள பலகை வெறும் மரமாகியிருக்கும். ஈக்களைக் கொட்டிவிட்டு மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும். பலகை மாற்றிய தேதியை டப்பாவின் மேலேயே அழியாத மையில் எழுதி வைக்கும் தோப்புக்காரர்கள் உண்டு. மாங்காய் விலை எப்படிப் போனாலும் அந்தப் பேனாவின் விலை சில ரூபாய்தான்.